பன்னிரண்டாவது நாற்காலி

1987 ஏப்ரல். பெரிய வியாழனுக்கு முந்தின நாள் சாயங்காலம். கொரட்டூரில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அப்பா துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருக்கிறார். அம்மா எதிரே குத்தவைத்து அவருடைய குதிகாலைச் செங்கல் துண்டால் தேய்க்கிறாள். பாடி கம்பெனியில் லேத்தில் நின்ற கால்கள் அவை. எட்டு மணி நேரம் சேஃப்டி ஷூவுக்குள் கிடந்து ஊறி, கூலண்ட் எண்ணெய் வெடிப்புகளில் ஏறி, கோடு கோடாகக் கறுத்திருக்கும். ஹமாம் சோப்பில் பாதி கரைந்தும் அந்தக் கோடுகள் போகவில்லை.

“சாமியார் வலது காலை மட்டும்தான் கழுவுவாரு. இடது காலை விட்டுரு” என்றார் அப்பா.

“பாக்கிறவங்க ரெண்டு காலையுந்தான பாப்பாங்க” என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, “ஏட்டி, அந்தத் தேங்காய்ப்பூ துண்ட எடுத்துட்டு வா” என்றாள்.

பாதம் கழுவும் சடங்குக்கு அந்த வருடம் தேர்ந்தெடுக்கப்பட்ட 12 பேரில் அப்பாவும் ஒருவர். கழுவப்படுவதற்காகக் கழுவிக்கொண்டு போவதில் ஏதோ இடிக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பதினொரு வயது. துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கொரட்டூர் அப்போது பாதி ஊர், பாதி ஏரி. சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் வில்லிவாக்கத்துக்கு அடுத்த ஸ்டேஷன். ஒரு பக்கம் ஹவுசிங் போர்டு வீடுகள், இன்னொரு பக்கம் பழைய ஊர், வடக்கே ஏரி. ஐ.சி.எஃப். 1955இல் ரயில் பெட்டி செய்ய ஆரம்பித்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் பாடியில் லூகாஸும் வீல்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும் வந்தன, அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. அந்த வேலைகளைத் தேடித் தெற்கிலிருந்து வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா தூத்துக்குடிப் பக்கம், ஆர்.சி. அம்மா நாசரேத், சி.எஸ்.ஐ. கல்யாணத்துக்காக அம்மா ஆர்.சி. ஆனாள், ஆனால் அவளுடைய பேச்சு மாறவில்லை. எங்கள் கோவிலில் ‘தாழ்ச்சி’ என்று சொல்வதை அவள் கடைசிவரை ‘தாழ்மை’ என்றுதான் சொன்னாள். ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் அவற்றுக்கு எதிரான புண்ணியங்கள் ஏழையும் மனப்பாடம் செய்துவிட்டு வந்து, “அகங்காரத்துக்கு எதிரானது தாழ்ச்சி” என்று நான் ஒப்பித்தால், “ஒங்க சபையில தாழ்ச்சி, எங்க சபையில தாழ்மை. ரெண்டு சபையிலயும் அதைப் பாத்தவங்கதான் கம்மி” என்பாள்.

நாங்கள் போன கோவிலின் பெயர் இங்கே வேண்டாம். எந்தக் கோவிலிலும் நடக்கக்கூடியதைத்தான் சொல்லப்போகிறேன்.

பெரிய வியாழன் பூசைக்கு என்று தனியாக ஒரு பரபரப்பு உண்டு. ‘உன்னதங்களிலே’ பாடும்போது கோவில் மணிகள் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். அதன் பிறகு ஈஸ்டர் பாஸ்கு இரவு வரை மணிக்கு ஓய்வு. மரக்கட்டையைத் தட்டுவார்கள். மணியடிப்பது, கட்டை தட்டுவது, மெழுகுவத்தி ஏற்றுவது, பெஞ்சு துடைப்பது எல்லாம் கோயில்பிள்ளையின் வேலை. எங்கள் கோயில்பிள்ளை அறுபது தாண்டியவர். காக்கி அரை டிரவுசர், தோளில் துண்டு, காலில் எதுவும் கிடையாது. கோவிலுக்குள் செருப்பு வேண்டாம் என்பதால் வெறுங்காலோடு இருக்கிறார் என்று வெகு நாள் நினைத்திருந்தேன். வெளியிலும் அவர் செருப்பு போட்டு நான் பார்த்ததில்லை.

பீடத்துக்கு முன்னால் 12 நாற்காலிகள். சாமியார் மேலுடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் துவாலையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவர் முன்னாலும் முழந்தாளிட்டு, வலது காலில் தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தமிடுவார். பின்னாலேயே செம்பும் தாம்பாளமும் ஏந்திக்கொண்டு கோயில்பிள்ளை.

கடைசி இராவுணவை எழுதும்போது மற்ற மூன்று நற்செய்தியாளர்களும் அப்பத்தையும் இரசத்தையும் எழுதுகிறார்கள். யோவான் மட்டும் அதை விட்டுவிட்டு, அந்த இடத்தில் இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை எழுதுகிறார். புழுதித் தெருவில் வெறும் வார்ச்செருப்போடு நடந்து வரும் கால்களைக் கழுவுவது அந்த நாட்டில் அடிமையின் வேலை. யூதனாகப் பிறந்த அடிமையை அந்த வேலைக்கு ஏவக்கூடாது என்றுகூட யூத மரபில் ஒரு விதி உண்டு. அவ்வளவு கடைசியான வேலை. அதைத்தான் குரு செய்கிறார், பேதுரு பதறிப்போய்க் காலை இழுத்துக்கொள்கிறார்.

நம் ஊரில் கதை வேறு. கல்யாணத்தில் மாப்பிள்ளையின் காலைப் பெண் வீட்டார் கழுவுகிறார்கள். பெரியவர்களுக்குப் பாதபூஜை செய்கிறோம். இங்கே காலைக் கழுவினால் கழுவப்படுகிறவருக்குத்தான் மரியாதை. பாலஸ்தீனத்தில் கழுவுகிறவர் எவ்வளவு கீழே இறங்கினார் என்பதைக் காட்டிய சடங்கு, கொரட்டூருக்கு வந்து சேர்ந்தபோது யார் மேலே உட்கார்ந்தார் என்பதைக் காட்டுவதாக ஆகிவிட்டது. 12 நாற்காலிக்கு 40 பேர் போட்டி. போன வருடம் உட்கார்ந்தவர் இந்த வருடமும் ஏன்? கட்டட நிதி கொடுத்தவர் பெயர் எங்கே? மாதக்கணக்கில் முகம் பார்க்காமல் போனவர்கள் உண்டு. பட்டியலில் பெயர் வந்ததும் வேஷ்டி வாங்கினவர்கள் உண்டு. எங்கள் வீட்டிலோ செங்கல்.

பூசை தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, பன்னிரண்டாவது ஆள் வரவில்லை. செகண்ட் ஷிஃப்டில் மாட்டிக்கொண்டார் போலிருக்கிறது. சாமியார் பதினோராவது ஆளான அப்பாவின் காலைக் கழுவி முடித்தார். தாம்பாளத்தில் விழுந்த தண்ணீர் செம்பிலிருந்து வந்த மாதிரியே தெளிவாக இருந்தது. அம்மாவின் உழைப்பு. அடுத்த நாற்காலி காலி.

சாமியார் எழுந்திருக்கவில்லை. முழந்தாளிலேயே நகர்ந்து காலி நாற்காலிக்கு முன்னால் வந்து, தலையைத் திருப்பி, செம்போடு நின்ற கோயில்பிள்ளையைப் பார்த்தார். உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். கோயில்பிள்ளை தலையை ஆட்டினார். “வேணாம் சாமி.” முதல் வரிசைக்கு மட்டும் கேட்கும் குரல். சாமியார் ஒன்றும் பேசவில்லை. காலி நாற்காலியைப் பார்த்தபடி முழந்தாளிலேயே இருந்தார். பாடற்குழு பாட்டை முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி முதல் சரணத்திலிருந்து ஆரம்பித்தது.

கோயில்பிள்ளை உட்கார்ந்தார். ஆனால் செம்பு அவர் கையில் இருந்தது. தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. அப்பா எழுந்துபோய் அந்தச் செம்பை வாங்கிக்கொண்டார்.

நான் ஆண்கள் பக்கத்தை ஒட்டிய முதல் பாயில் இருந்தேன், அந்தக் கால்களை அவ்வளவு அருகில் அன்றைக்குத்தான் பார்த்தேன். கோடை ஏரியின் அடிமண் மாதிரி பாளம் பாளமாக வெடித்த குதிகால். மெழுகு சொட்டிக் காய்ந்த வெள்ளைப் புள்ளிகள். கட்டைவிரல் நகம் பாதிதான் இருந்தது. அப்பா ஊற்ற ஊற்றத் தாம்பாளத்துத் தண்ணீர் பழுப்பாகி, பிறகு கறுத்தது. சாமியார் அந்தக் காலை மற்றவர்களுடையதைவிட அதிக நேரம் துடைத்தார். கோயில்பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா வெகு தூரம் பேசாமல் வந்தாள். ரயில்வே கேட் அருகே வந்ததும் சொன்னாள்: “இன்னைக்கு நெசமாக் கழுவுனது அந்த ஒரு காலத்தான்.”

அடுத்த வருடம் இப்படி ஒரு தர்மசங்கடம் வரக்கூடாது என்று பட்டியலில் ரிசர்வாக ஒருவர் பெயரையும் சேர்த்தார்கள். கோயில்பிள்ளை மறுபடி செம்பை ஏந்திக்கொண்டு பின்னால் நடந்தார். சில வருடங்களில் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். ‘கோயில்பிள்ளை’ என்பதற்கு மேல் நான் கேட்டதே இல்லை.

*

அடுப்படியில் அம்மா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்திருந்தாள். உலையில் போட அரிசியை அளந்த பிறகு, அளந்ததிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அந்தப் பாட்டிலில் போடுவாள். கைப்பிடி அரிசி. நெல்லைச் சீமைச் சபைகளில் பெண்கள் காலங்காலமாகச் செய்துவந்தது. பணம் கையில் புழங்காத பெண்களும் காணிக்கை கொடுக்க அது ஒரு வழி. அம்மா ஊர்ப்பக்கத்தில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெளிநாட்டுப் பணமும் வெளிநாட்டு ஆட்களும் இல்லாமல் நம் ஆட்களே நடத்த வேண்டும் என்று 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். பிறகு கையிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பொறுப்பை விட்டுவிட்டுத் தானே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு மிஷனெரியாகப் போனார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானதும் அந்த ஊருக்குத்தான். அம்மாவுக்கு அவர் பேராயர் ஆனது பெரிதில்லை. “போங்கன்னு சொன்னவரு, தானே போனாருல்லா” என்பாள். அதுதான் பெரிது.

அளந்த பிறகு எடுப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. மூட்டையிலிருந்து எடுத்தால் யாருக்கும் குறையாது. அளந்ததிலிருந்து எடுத்தால் யாரோ ஒருவர் சோற்றில் குறையும். யார் சோற்றில் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசியதில்லை. அம்மா கடைசியாகத்தான் சாப்பிடுவாள். இதை நான் தாழ்ச்சி என்று எழுதப்போவதில்லை. கோயில்பிள்ளையிடமும் அம்மாவிடமும் யாரும் தாழ்ச்சியைப் பிரசங்கம் செய்யத் தேவையிருக்கவில்லை. ஆனால் பிரசங்கம் எப்போதும் அவர்களைப் போன்றவர்கள் உட்கார்ந்திருந்த பின் வரிசைகளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. குனிந்தே இருக்கிறவர்களிடம் குனியச் சொல்வது சுலபம்.

அப்பாவுடைய வழி வேறு. அவர் வின்சென்ட் தே பவுல் சபையில் இருந்தார். 1833இல் பாரிசில் ஃபிரடெரிக் ஓசானாம் என்ற 20 வயதுக் கல்லூரி மாணவன் நண்பர்களோடு ஆரம்பித்தது அது. ஏழைகளைக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்திக் கொடுப்பது அதன் வழக்கமில்லை. அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். ஓசானாம் 40 வயதில் இறந்தார். 1997இல் இரண்டாம் ஜான் பால் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தபோது அப்பா அந்தச் செய்தி வந்த பேப்பரை வெட்டி வைத்துக்கொண்டார்.

வாரக் கூட்டத்தில் ஒரு துணிப்பை சுற்றி வரும். மூடிய கையை உள்ளே விட்டு மூடியபடியே எடுக்க வேண்டும். யார் எவ்வளவு போட்டார், போட்டாரா இல்லையா, யாருக்கும் தெரியாது. “ஸ்ட்ரைக் நடந்த மாசம் வெறுங்கைதான் உள்ள போச்சு. அப்பவும் அதே மாதிரிதான் இருந்துச்சு” என்று அப்பா ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். இல்லாதவனையும் கொடுப்பவர்களோடு உட்கார வைத்த பை அது. அதைக் கண்டுபிடித்தவர் யாரோ, கெட்டிக்காரர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் சில வீடுகளுக்குக் கூட்டிப்போவார். ஏரிக்கரை ஓரம் ஒரு குடிசை. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, கரிப்பெட்டியில் இஸ்திரி போட்டுப் பிழைத்த அம்மா ஒருவர். எங்கள் மதமில்லை. வாசலில் மாரியம்மன் படம் மாட்டியிருக்கும். அவருக்கு என் வயதில் ஒரு மகள். அப்பா தரையில் உட்காருவார். முதல் வேலையாக, “ஒரு சொம்பு தண்ணி குடுங்கம்மா” என்பார். அந்தப் பெண் கொண்டுவந்து கொடுப்பாள். கலங்கலான தண்ணீர். அப்பா அண்ணாந்து முழுவதையும் குடிப்பார். அதற்குப் பிறகுதான் அரிசிப் பை வெளியே வரும்.

“அந்தத் தண்ணிய ஏம்ப்பா குடிக்கிறீங்க? கலங்கலா இருக்கே” என்று திரும்பி வரும்போது கேட்டேன்.

“குடுக்கப் போறவன் மொதல்ல அங்க ஏதாவது வாங்கிக்கணும் பிள்ளே. இல்லன்னா அவங்க எப்படி நம்ம மொகத்தப் பாத்துப் பேசுவாங்க?”

அதைக் கேட்டேன், பாடமாக வைத்துக்கொண்டேன், பள்ளியில் பேச்சுப் போட்டியில் சொல்லிக் கைதட்டுகூட வாங்கினேன். புரிந்துகொண்டதாக நினைத்தேன்.

*

2008இல் அப்பா போய்விட்டார். நான் வங்கியில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, அதே வீட்டில் அம்மாவோடு இருந்தேன். அந்த இஸ்திரிக்கார அம்மாவும் இறந்துபோய், மகள் எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போட்டாள். அவளை நான் ‘அக்கா’ என்பேன். அவளும் என்னை ‘அக்கா’ என்பாள். வருடா வருடம் கிறிஸ்மஸுக்குப் புடவை, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், அவசரத்துக்குக் கடன் என்று நான் கொடுக்காத வருடமில்லை. வண்டியிலேயே வைத்துக் கொடுப்பேன். அவள் டீ வாங்கித் தருகிறேன் என்றால், “இப்பதான் குடிச்சேன்” என்பேன். ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் குடித்திருப்பேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பெருமை உண்டு. யாரிடமும் கை நீட்டினதில்லை. அப்பா தண்ணீர் வாங்கிக் குடித்ததை நான் மறந்துவிட்டு, இதை மட்டும் சொத்தாக எடுத்துக்கொண்டேன்.

2015 நவம்பரில் சென்னையில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை, பகல் முழுவதும் விடவில்லை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு வரும். கொரட்டூர் ஏரி நிரம்பினால் எங்களுக்கு வரும். ராத்திரி வாசற்படியில் இருந்த தண்ணீர் விடிவதற்குள் கட்டில் சட்டத்தைத் தொட்டது. கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. கணவர் வேலையாக ஹைதராபாத்தில். வீட்டில் நானும் எட்டு வயது மகனும் 74 வயது அம்மாவும். சாப்பாட்டு மேஜைமேல் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். என் கைப்பையில் இரண்டு ஏ.டி.எம். அட்டைகளும் 140 ரூபாயும் இருந்தன. வங்கி ஆபீசரின் மொத்தக் கையிருப்பு.

காலை பத்து மணிக்கு இடுப்பளவுத் தண்ணீரில் யாரோ நடந்து வரும் சத்தம். “அக்கா, அம்மா எங்க?” இஸ்திரிக்கார அக்கா. கூட அவள் மகனும் இன்னும் இரண்டு பையன்களும், ஒரு லாரி டியூபும். அவர்கள் குடிசைக்குள் தண்ணீர் முந்தின நாளே போயிருந்தது. பாதி கட்டி நின்ற ஒரு கட்டடத்தில் அவள் புருஷன் வாட்ச்மேன். அதன் முதல் மாடிக்கு அவர்கள் போய்விட்டார்கள். போனவள் திரும்பி வந்திருக்கிறாள்.

“பரவால்லக்கா, நாங்க பாத்துக்கறோம். தண்ணி வடிஞ்சிரும்” என்றேன். இன்றைக்கு யோசித்தாலும் வியப்பாக இருக்கிறது. மேஜைமேல் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

அம்மா என்னைக் கேட்கவில்லை. “டியூப இந்தப் பக்கம் கொண்டா தம்பி” என்று காலைத் தொங்கப்போட்டாள்.

வழியில் தண்ணீருக்கடியில் கிடந்த ஏதோ ஒரு தகரம் அம்மாவின் வலது கணுக்காலைக் கிழித்துவிட்டது. மாடியில் பூசாத சுவர்களுக்குள் பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். மூன்று செங்கல் வைத்து, சென்ட்ரிங் பலகையை உடைத்து எரித்து, பெரிய குண்டானில் சோறு வெந்தது. பக்கத்தில் மிளகாய் ரசம். அக்கா அம்மாவின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சுடுதண்ணீரில் சேற்றைக் கழுவி, மஞ்சளைக் குழைத்துப் பூசி, புடவைத் தலைப்பிலிருந்து கிழித்துக் கட்டினாள். “நான் பண்றேன்க்கா, விடுங்க” என்று நான் பக்கத்திலேயே நின்றேன். “நீ சும்மா இரு ட்டி. அவ பாப்பா” என்றாள் அம்மா.

பிறகு தட்டுகள் வந்தன. மொத்தம் நாலைந்து தட்டுதான். ஒருவர் சாப்பிட்டுக் கழுவிக் கொடுத்தால் அடுத்தவருக்கு. முதல் தட்டு அம்மாவுக்கு, இரண்டாவது என் மகனுக்கு, மூன்றாவது எனக்கு. என் பையில் பாதி பாக்கெட் மாரி பிஸ்கட் இருந்தது.

“எனக்குப் பசிக்கலக்கா. பிள்ளைங்களுக்குப் போடுங்க. நான் பிஸ்கட் வச்சிருக்கேன்.”

மற்றவரை முன்னால் வைக்கிற வாக்கியம்தான் அது. மற்றவரை மேலாக எண்ணச் சொல்லிப் பிலிப்பியருக்குப் பவுல் எழுதினதை நினைத்துக்கொண்டுதான் சொன்னேன் என்று யாரும் நம்பிவிடலாம். நானே நம்பினேன்.

அக்கா தட்டைத் திருப்பி எடுக்கவில்லை. என் முன்னாலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். “உங்கப்பா எங்க வூட்டுத் தண்ணியக் குடிச்சாருக்கா. நான்தான மொண்டு குடுத்தேன். நீ எங்க சோறு துண்ண மாட்டியா?”

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டாள். இருபத்தெட்டு வருடமாக அவளிடம் இருந்த ஒரு கணக்கை எடுத்து என் முன்னால் வைத்தாள். நான் ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் டீ குடித்திருந்தது அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாவது கவளத்தில் இருந்தாள். என் நினைவில், மற்றவர்களுக்கு முன்னால் அம்மா சாப்பிட்டது அன்றைக்குத்தான். தட்டை வாங்கினேன். ரசத்தில் உப்பு கொஞ்சம் கூட. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நான்கு நாள் அங்கே இருந்தோம்.

*

2013இல் போப் பிரான்சிஸ் பதவியேற்ற சில நாட்களிலேயே, பெரிய வியாழனன்று ரோமில் ஒரு சிறார் சிறைக்குப் போய் அங்கிருந்தவர்களின் காலைக் கழுவினார். அவர்களில் பெண்கள் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். சட்டப்படி அப்போது ஆண்களின் காலைத்தான் கழுவலாம். 1955இல் பன்னிரண்டாம் பயஸ் புனித வாரச் சடங்குகளைச் சீர்திருத்தி, பங்குக் கோவில்களின் மாலைப் பூசையிலேயே இதைச் செய்யலாம் என்று வழிவிட்டபோது எழுதப்பட்டது அப்படித்தான். 2016 ஜனவரியில் அந்த விதி மாறியது. இனிப் பெண்களும் உட்காரலாம். அந்த வருடப் பெரிய வியாழன் மார்ச் 24.

எங்கள் கோவிலில் அதற்குள் நாற்காலிச் சண்டை நின்றிருந்தது. பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியம் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் என்று கேட்டார்கள். எங்கள் அன்பியம் அம்மாவின் பெயரைக் கொடுத்தது.

அம்மா வேண்டாம் என்று சொல்லிவிடுவாள், வேறு யாருக்காவது விட்டுக்கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். “சரி” என்றாள். நான் ஆச்சரியப்பட்டதைப் பார்த்துவிட்டு, “வேண்டாம்னு சொல்றதுலயும் ஒரு தலக்கனம் இருக்கு ட்டி. பேதுருவக் கேளு” என்றாள்.

கணுக்கால் புண் முழுசாக ஆறியிருக்கவில்லை. சர்க்கரை வியாதி. டாக்டரின் களிம்பைப் போட்டாலும், வாரத்துக்கு ஒரு தரம் இஸ்திரி அக்கா வந்து பார்த்து மஞ்சள் குழைத்துப் போட்டுவிட்டுப் போவாள். அந்த வியாழனன்று காலையிலும் வந்துவிட்டுப் போனாள். சாயங்காலம் நான் வெந்நீர் விளாவி, கால் தேய்க்கும் கல்லும் துண்டுமாக நின்றேன்.

அம்மா கல்லைப் பார்த்தாள். கிணற்றை மூடி போர் போட்டு வருடங்களாகியிருந்தன, துவைக்கிற கல் மட்டும் அங்கேயே கிடந்தது. அதைத் தாண்டிச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். “கழுவத்தான் போறேன்” என்றாள்.

இளம் சாமியார். அம்மாவின் முன்னால் முழந்தாளிட்டு, காலைக் கையில் வாங்கி, புண்ணைப் பார்த்துவிட்டுத் தண்ணீரை மெல்ல ஊற்றச் சொன்னார். தாம்பாளத்தில் மஞ்சள் ஓடியது. ஒற்றித் துடைத்தபோது வெள்ளைத் துவாலையில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் ஒட்டிக்கொண்டது. அம்மா கூரையைப் பார்க்கவில்லை. அவர் தலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாஸ்கு முடிந்த திங்கட்கிழமை அந்தத் துவாலையைக் கேட்டு வாங்கி வந்தாள். சோப்புப் பட்டதும் மஞ்சள் சிவந்தது. வெயிலில் காயப்போட்டதும் வெளிறியது, ஆனால் முழுசாகப் போகவில்லை. தெருமுனைக்குக் கொண்டுபோய் இஸ்திரி போடக் கொடுத்தோம். அக்கா கறையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்து, நான்காக மடித்து, சூடாக அம்மாவின் கையில் வைத்தாள்.

“எவ்ளோக்கா?” என்றேன்.

“இதுக்கு இன்னாத்துக்குக் காசு.”

நான் பர்ஸைத் திறந்திருந்தேன். அம்மா என் கையைப் பிடித்து அதை மூடினாள். “ஒரு டீ சொல்லு, குடிச்சிட்டுப் போவோம்” என்றாள் அக்காவிடம்.